கடைசிப் பதினாறு பக்கங்கள்

மே 6

ஒரே புத்தகத்தை நானூறு பேர் ஒரு கோடை முழுக்கத் தனித்தனியாகப் படித்துவிட்டு வந்தால் அவர்களுக்குள் என்ன நடக்கும்? எனக்குத் தெரியாது. இன்று முதல்வரிடமும் அப்படியே சொன்னேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"புள்ளியியல் துறை நீங்க. உங்களுக்கே தெரியலைன்னா வேற யாருக்கு மேடம் தெரியும்?"

யோசனை நூலகருடையது. புதிதாகச் சேரும் எல்லோருக்கும் கல்லூரி ஒரு நாவலை அனுப்பிவைக்கும். விடுமுறையில் படித்துவிட்டு வர வேண்டும். வந்ததும் ஒரு காலைப்பொழுது, பாடம் எதுவும் இல்லாமல், சின்னச் சின்னக் குழுவாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. இந்த வருடம் செய்து பார்ப்போம், பயன் இருந்தால் தொடர்வோம் என்று முதல்வர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பயன் இருந்ததா என்று சொல்ல வேண்டியவள் நான்.

நூலகருக்கு ஆசிரியர் அறையில் ஒலிபெருக்கி என்று பெயர். நாளெல்லாம் மற்றவர்களைப் பேசாதே பேசாதே என்று அடக்கிவிட்டு, சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் மாலையில் எங்களிடம் கொட்டுவார்.

"மேடம், முதல் நாள் ஒரு பொண்ணு கேன்டீன்ல தட்டோட நிக்குது. யார் பக்கத்துல உக்காரணும்னு தெரியலை. என்ன பேசறதுன்னு தெரியலை. பேசறதுக்கு ஒரு விஷயத்தை அது கையில குடுத்து அனுப்பறோம். அவ்வளவுதான்."

வெயிலைப் பற்றிப் பேசலாமே என்றேன்.

"வெயிலைப் பத்தி எவ்வளவு நேரம் பேசுவீங்க?"



மே 9

தங்கை தொலைபேசினாள். அவள் மகளுக்கு எங்கள் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கோடையிலிருந்தே எங்கள் வீட்டில் இருக்கட்டும், ஊர் பழகும் என்கிறாள்.

போன வருடம் வேறொரு கல்லூரியில் சேர்ந்து ஐந்தாவது வாரமே திரும்பி வந்தவள் இந்தப் பெண். பாடம் கஷ்டமா, விடுதி சரியில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று தங்கை கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: "யாரும் இல்லம்மா." யாரும் எதுவும் சொல்லவில்லை என்று சொல்கிறாள் என்றுதான் தங்கை நினைத்திருக்கிறாள். அவளோ, பழக யாருமே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். புரியவே ஒரு மாதம் ஆனதாம்.

இந்த முறை அம்மாவும் மகளும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் முழுக்கப் போக வேண்டும். பிடிக்காவிட்டால் சனிக்கிழமை காலைப் பேருந்தில் வீட்டுக்கு. அதன்பிறகு கல்லூரி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

"நீ அவளைக் கட்டாயப்படுத்தாதேக்கா."

நான் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தியது கிடையாது. அது என்னைப் பற்றிய புகாராகவே இந்தக் குடும்பத்தில் பல காலம் இருந்திருக்கிறது.

மே 16

வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு தோள்பை. சின்ன அறையின் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தேன். "இருக்கட்டும் பெரியம்மா" என்றாள். இரவு உடையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மாற்றிய உடையை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

இவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. இவர் பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடே பேசிப் பழகியவர் என்பதால் பதில் வராவிட்டால் வருத்தப்படுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் இவர் ஒருவரே மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

மே 24

நாவல் நேற்று வந்தது. எனக்கு ஆசிரியப் பிரதி ஒன்று, அவளுக்கு மாணவப் பிரதி ஒன்று, ஒரே நாளில், ஒரே வீட்டுக்கு, வெவ்வேறு தபால்களில்.

அண்ணன் தம்பி இருவர். தகப்பனின் சாவு வீட்டில் வாய்த்தகராறு; பதினோரு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. ஒருநாள் அண்ணன் கிளம்புகிறான், தம்பி வீட்டுக்கு. பேருந்து மாறி மாறி, அந்த ஒருநாள் பயணம்தான் புத்தகம் முழுக்க. எழுதியவருக்குப் பேருந்துகள் நன்றாகத் தெரிந்திருக்கின்றன. மனிதர்கள் சுமாராகத்தான். நானூறு பேரைக் கட்டிப்போடும் நாவல் என்று சொல்லமாட்டேன். முடிக்கவில்லை; அதற்குள் இவர் புத்தகத்தைத் தன் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 3

பெட்டி கட்டிலுக்குக் கீழேயே இருக்கிறது. அலமாரித் தட்டில் போர்வைகளை அடுக்கி வைத்துவிட்டேன். இடம் வீணாக வேண்டாம்.

ஜூன் 11

இன்று சாப்பாட்டு மேஜையில் சண்டை. எங்கள் வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை.

இவர்தான் ஆரம்பித்தார். புத்தகத்தை முடித்துவிட்டேன், அந்த அண்ணன்காரன் பாவம் என்றார். வந்து இத்தனை நாளில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் நிமிர்ந்தாள்.

"பாவம்லாம் இல்ல பெரியப்பா. அவன் செஞ்சதுதான் சரி. அவ்வளவு தூரம் போய்ட்டு, கையைத் தூக்கிட்டு, தட்டாமலே நிக்கறான் பாருங்க. அதோட முடிச்சாரே, அதுதான் அழகு."

"யாரு தட்டாம நின்னான்? தட்டினானே. வேற யாரோ வந்து திறக்கலை? தம்பி வீடு மாத்திப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொல்லலை?"

"நீங்க படிச்சீங்களா, இல்ல வேற ஏதாவது கதையோட கலந்துட்டீங்களா?"

"அடிப்பாவி! பேஷன்டை உக்கார வெச்சிட்டு ஒரு எழுத்து விடாம படிச்சவன்டி நான்."

"கதையையே தப்பாப் படிச்சிருக்கீங்க. எந்தப் பல்லைப் பிடுங்கினீங்களோ."

இவர் சிரித்துச் சிரித்து இருமினார். அவளும் சிரித்தாள். அவள் முன்பற்களில் ஒன்று லேசாகத் திரும்பியிருப்பதை இன்றுதான் பார்க்கிறேன். இவர் முன்பே பார்த்திருப்பார்.

இரண்டு பிரதிகளையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். அவளுடையதில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. கிழியவில்லை, வைத்துத் தைக்கவே இல்லை. "அவன் கையை உயர்த்தினான்" என்று பக்கத்தின் கடைசி வரியில் முற்றுப்புள்ளியோடு முடிகிறது. முடிவு என்றே யாரும் நினைப்பார்கள்.

ஜூன் 12

நூலகர் அச்சகத்தோடு பேசினார். தைக்கும் வேலையை இரண்டு இடத்துக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் கடைசி ஃபாரத்தை, அதாவது பதினாறு பக்கம் கொண்ட கடைசி மடிப்பை, சேர்க்காமலே அட்டை ஒட்டிவிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பிரதிகள். எந்தக் கட்டு யாருக்குப் போனது என்பது அஞ்சல் அறைக்குத் தெரியும்.

மனிதர் புத்தக அடுக்குக்குப் போடும் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு, "இன்னைக்கே அந்தப் பக்கங்களை எல்லாருக்கும் அனுப்பிடறேன் மேடம்" என்றார்.

வேண்டாம் என்றேன்.

ஏன் சொன்னேன்? இங்கேயாவது நேராக எழுதிவிடுகிறேன். பாதிப் பேருக்கு ஒரு முடிவு, பாதிப் பேருக்கு வேறொரு முடிவு. சில குழுக்களில் ஒரே மாதிரிப் பிரதி வைத்திருப்பவர்களை மட்டும் போடலாம். சில குழுக்களில் கலந்து போடலாம். எங்கே பேச்சு நீள்கிறது, எங்கே ஓய்கிறது என்று பார்க்கலாம். முதல்வரின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வேறு எந்த வழியும் இருக்கவில்லை. நானாக இப்படி ஒன்றைத் திட்டமிட்டிருந்தால் யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். தானாக வந்து விழுந்திருக்கிறது.

"தப்பில்லையா மேடம்?"

"நாம எதுவும் செய்யலையே சார். சொல்லாம இருக்கோம், அவ்வளவுதானே."

என் குறிப்பில்தான் அவருடைய திட்டத்தின் உயிர் இருக்கிறது. தலையாட்டினார்.

ஜூன் 13

அவளுக்கு விஷயம் தெரியும் என்பதால் யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல வேண்டியதாயிற்று. காரணத்தையும் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"நாங்கல்லாம் எலியா பெரியம்மா?"

"யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது. பேசப் போறீங்க, அவ்வளவுதான்."

"ரெண்டு பேர் ரெண்டு மாதிரி சொல்வாங்க. ரெண்டு பேருல ஒருத்தர் முட்டாளாத் தெரிவாங்க. அது யாருன்னுதான் உங்களுக்கு முன்னாடியே தெரியாது."

ஆட்சேபணையாகப் பார்த்தால் ஒழுங்காகக் கட்டப்பட்ட ஆட்சேபணை. என் முதுகலை மாணவர்களில் பலருக்கு இது வராது. அதை அவளிடம் சொல்லவில்லை. அதற்காக என் முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை.

விட்டுப்போன பக்கங்களை வேண்டுமானால் என் பிரதியில் படித்துக்கொள் என்றேன்.

"வேண்டாம். அவன் வெளியிலயே நிக்கட்டும்."

ஜூன் 27

தங்கை: "பேசறாளாக்கா?"

"பெரியப்பாகிட்ட நல்லாப் பேசறா."

"உன்கிட்ட?"

நான் யாரிடம்தான் பேசுகிறேன்.

ஜூலை 6

கல்லூரி திறந்தது. கலந்துரையாடல் இன்று நடந்திருக்க வேண்டும். ஆனால் முதல் நாள் முதல்வர் வரவேற்றுப் பேசுவார். அவர் வரவேற்று முடிக்க ஒரு முழு நாள் வேண்டும். மறுநாள் விடுதி விதிகள், அதற்கு மறுநாள் அடையாள அட்டை. நூலகரைத் தள்ளித் தள்ளி வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மதிய இடைவேளையில் என் துறை அறைக் கதவருகே நிழல் தெரிந்தது. அவள்தான், சாப்பாட்டு டப்பாவோடு நின்றாள். உள்ளே வந்து, மூலையில் பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு போனாள். நான் வகுப்புக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 

ஜூலை 7

இன்றும் விடைத்தாள்களுக்குப் பக்கத்தில்.

ஜூலை 8

இன்றும். "வகுப்புல யாராவது—" என்று ஆரம்பித்தேன். "இல்ல பெரியம்மா" என்று கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

சனிக்கிழமைப் பேருந்து ஒன்பது மணிக்கு. இருக்கைக்குச் சொல்லி வைத்துவிட்டாளாம். இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 10

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு எல்லா வகுப்பறைகளிலும் பேச்சு ஆரம்பம். நான் கையில் கடிகாரத்தோடு தாழ்வாரத்தில் நடந்து, ஒவ்வொரு கதவின் கண்ணாடி வழியாகவும் பார்த்துக் குறித்துக்கொண்டே போனேன். ஒரே மாதிரிப் பிரதி இருந்த அறைகளில் சீக்கிரமே எல்லோரும் மேசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். கலந்து போட்ட அறைகளில் சத்தம். ஒப்புக்கொள்கிறேன், எனக்குத் திருப்தியாக இருந்தது.

அவள் இருந்தது கலந்து போட்ட அறை. வணிகவியல் ஆசிரியர் நடத்திக்கொண்டிருந்தார். நான் போனபோது நெட்டையான ஒரு பெண் எழுந்து நின்று, அண்ணன் கதவைத் தட்டாமல் நிற்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாகவே சொன்னாள். அவன் ஏறிய பேருந்துகளை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். பின்னாலிருந்து ஒருவன்:

"தட்டலையா? கடைசி சேப்டரை விட்டுட்டியா? எங்கேயோ சுருக்கத்தைப் பாத்துட்டு வந்து கதை விடற."

சிரிப்பு.

"நான் படிச்சேன். மூணு தடவை படிச்சேன்."

"மூணு தடவையும் பாதியிலயே தூங்கிட்ட போல!"

பெரிய சிரிப்பு. வணிகவியலிடம் இருந்தது முழுப் பிரதி. அவர் கனிவான மனிதர். "பரவாயில்லைம்மா, படிக்கலைன்னா படிக்கலைன்னு சொல்லலாம். இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. உக்காரு" என்றார். அந்தப் பெண் உட்காரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே நின்றாள்.

ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். எங்கள் வீட்டுப் பெண் எழுந்தாள்.

"அவ புத்தகத்துல அந்தப் பக்கமே கிடையாது. என் புத்தகத்துலயும் கிடையாது. பாதிப் பேருக்குக் கிடையாது. யாருக்கு ஜாஸ்தி சத்தம் வருதுன்னு பாக்கறதுக்காகச் சொல்லாம வெச்சிருக்காங்க. வெளியில நிக்கறாங்களே எங்க பெரியம்மா, அவங்களையே கேளுங்க."

அத்தனை தலையும் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. கையில் கடிகாரத்தோடு நான்.

கதவைத் திறந்து உள்ளே போய், "ஆமாம், அவ சொல்றது உண்மை" என்றேன். "அவங்க படிச்சது சரிதான்" என்று நெட்டைப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அதற்குள் அவள் வெளியே போய்விட்டாள். பின்னாலேயே இவளும்.

செய்தி அடுத்த அறைக்கு, அதற்கடுத்த அறைக்கு என்று ஓடிவிட்டது. அரை மணி நேரத்தில் எந்த அறையும் அதனதன் அறையாக இல்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிரதியை மாற்றிக்கொண்டு, நீ எந்தக் கட்சி, தட்டினதா தட்டாததா என்று கேட்டுக்கொண்டு... சிலருக்கு உண்மையான கோபம். ஒரு பையன் என்னிடம் நேராக வந்து, "எங்களை வெச்சு நீங்க விளையாடியிருக்கக் கூடாது மேடம்" என்றான். சரி என்றேன்.  என் குறிப்புகள் பத்தரை மணியோடு பயனற்றுப் போயின. தவறால் வந்த பேச்சையும் புத்தகத்தால் வந்த பேச்சையும் இனி யாராலும் பிரிக்க முடியாது.

நூலகர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "மேடம், லைப்ரரி வாசல்ல நிக்கறாங்க மேடம்! அந்தப் பதினாறு பக்கம் எங்கன்னு கேக்கறாங்க! என்னைத் திட்டறாங்க!" திட்டு வாங்கியதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

மாலையில் முதல்வர் கூப்பிட்டார். சொல்லாமல் வைத்ததற்குக் கோபித்துக்கொண்டார், நியாயமான கோபம். முடிவு என்னுடையது, நூலகருடையது அல்ல என்றேன். கடைசியில், "சரி, இதுல பயன் இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

"தெரியாது சார்."

"திங்கட்கிழமை வரைக்கும் யோசிங்க."

வீட்டுக்கு வந்தபோது அவள் முன்பே வந்திருந்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. பெட்டியின் பூட்டு 'க்ளிக்' என்றது கேட்டது. அடுக்க வேண்டிய வேலையே இல்லை; இரண்டு மாதமாக அந்தப் பெட்டி கிளம்பத் தயாராகத்தான் இருந்தது.

கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கையைத் தூக்கினேன். நின்றேன். நாவல் படிப்பதால் வரும் கெடுதல் இதுதான். சொந்தக் கையைக்கூட எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. என்ன சொல்வது? போகாதே என்றா? அதைச் சொல்ல நான் யார்? நானா அவளைக் கூண்டில் போட்டது? ஆமாம், நான்தான். எப்படித் தொடங்க, எதிலிருந்து—

கூடத்திலிருந்து இவர்: "தட்டு டீச்சர். உன் புத்தகத்துல பக்கம் இருக்கு."

தட்டினேன். திறந்தாள்.

"ரெண்டு பேருல ஒருத்தர்னு நீ அன்னைக்கே சொன்ன. நான் கேக்கலை."

 "அவ அழுதா பெரியம்மா. பாத்ரூம்ல போய் கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. நான் வெளியில நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டினேன்."

"திறந்தாளா?"

"திறந்தா. மூக்கைச் சிந்திட்டு, 'உன் புக்லயும் இல்லையா'ன்னு கேட்டா. பெல் அடிச்சிடுச்சு. வந்துட்டேன்."

 காலை ஒன்பது மணிப் பேருந்துக்கு எட்டரைக்குக் கிளம்ப வேண்டும், பெரியப்பா கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். சரி என்றேன்.

ஜூலை 11

ஏழரை மணிக்கு அழைப்பு மணி. நெட்டைப் பெண். ஒரு கையில் தன் புத்தகம், மறு கையில் நூலகர் நேற்று நகலெடுத்துக் கொடுத்த பதினாறு பக்கங்கள். விடுதியிலிருந்து வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். "உங்களைப் பாக்க வரலை மேடம்" என்றாள். தெரியும் என்று வழிவிட்டேன்.

"நான் இன்னும் படிக்கலை," என்று எங்கள் பெண்ணிடம் சொல்வது கேட்டது. "தனியாப் படிக்கப் பிடிக்கலை. சேந்து படிக்கலாமா?"

"எனக்கு வேண்டாம். அவன் தட்டக் கூடாது."

"படிக்காமயே எப்படிச் சொல்ற? அவனுங்களை மாதிரியே பேசற."

முன்னறைத் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகச் சத்தமாகப் படித்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் சண்டை. இவர் நடுவராக இருக்கிறேன் என்று நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனார். "நீங்க ஏற்கெனவே படிச்சவர், செல்லாது" என்று துரத்திவிட்டார்கள். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறையில் வந்து நின்றார். எட்டரை ஆயிற்று. ஒன்பதும் ஆயிற்று. கடிகாரத்தை நான் ஒருமுறை பார்த்தேன், இவர் பலமுறை. சொல்லலாமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். சொல்லாமல் இருப்பது இந்த முறை தவறா என்று எனக்குத் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு அவளே அம்மாவுக்குத் தொலைபேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். மதியம் இரண்டு பேருக்கும் முட்டையும் ரொட்டியும் கொடுத்தேன். நெட்டைப் பெண் மூன்று முட்டை சாப்பிட்டாள். என்னிடம், "ரெண்டாவது முடிவுதான் மேடம் சரி" என்றாள். எங்கள் பெண், "இல்லவே இல்லை" என்றாள்.

மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று கூப்பிட்டாள்.

"பெரியம்மா, அந்த அலமாரித் தட்டுல உங்க போர்வைங்க இருக்கே. எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொண்டேன்.